கயிறு வேண்டாம்! சங்கிலியும் வேண்டாம்!

"மூன்றாம் நாள் பேய் பிடித்துக்கொண்டது!"

இராமநாதபுரம் கடற்கரையிலே இப்படி ஒரு பேச்சு உண்டு. மண்டபமோ தங்கச்சிமடமோ, தேவிபட்டினமோ தொண்டியோ, ஊர் எதுவாயினும் சரி, கும்பிடும் தெய்வம் எதுவாயினும் சரி, கதை ஒன்றுதான். அக்கதையில் வரும் மனிதனுக்குப் பெயர் சூட்ட வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது.

முதல் நாள்: கட்டியவள் கண்ணீர் விட்டாள், பெற்றவள் காலில் விழுந்தாள். இருபது ஆண்டுக் குடிகாரன் மனம் இளகினான். கோயிலுக்கு அழைத்துச் சென்றார்கள். மணிக்கட்டிலே மஞ்சள் கயிறு ஏறிற்று. சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான், "இனித் தொடமாட்டேன்" என்று.

இரண்டாம் நாள்: கை நடுங்கிற்று. வியர்த்துக் கொட்டிற்று. உண்டது தங்கவில்லை, உறக்கம் அண்டவில்லை. "சாமி சோதிக்கிறது" என்றாள் பெற்றவள்.

மூன்றாம் நாள்: சுவரிலே பாம்பு ஊர்கிறது என்றான். செத்துப்போன அப்பன் வாசலில் நிற்கிறான் என்றான். பெற்ற பிள்ளையைப் பார்த்து "நீ யார்?" என்றான். கடலை நோக்கி ஓடினான். நால்வர் பிடித்து இழுத்து வந்தார்கள். ஊர் கூடிற்று. தீர்ப்பு ஆயிற்று: பேய்! கயிறு கட்டிய கைக்கு இனிச் சங்கிலி!

தோழர்களே! பேயா அது?

அல்ல. அது ஒரு நோய். எந்த நாளில் தொடங்கும், எந்த நாளில் முற்றும், எந்த மருந்துக்கு அடங்கும் என்று மருத்துவம் கண்டறிந்து வைத்திருக்கும் நோய். பேய்க்கு நாள்காட்டி ஏது? இந்த நோய்க்கு உண்டு!

மது, மூளையை மந்தமாக்கும் பொருள். நாள் தவறாமல் குடிப்பவனுடைய மூளை, அந்த மந்தத்தை ஈடுகட்டுவதற்காகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. திடீரென மதுவை நிறுத்தினால் மந்தம் மறைகிறது. கூட்டி வைத்த வேகமோ அப்படியே நிற்கிறது. எதிர்நீரோட்டத்தைக் கிழித்துக்கொண்டு முழு விசையோடு செல்லும் படகை எண்ணிப் பாருங்கள். நீரோட்டம் சட்டென நின்றுவிட்டால் படகு என்ன ஆகும்? கட்டுக்கடங்காமல் பாய்ந்து கரையிலே மோதாதா? அதுதான் அவன் மூளைக்குள்ளே நடக்கிறது.

குடி நின்ற 6 மணி முதல் 24 மணிக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், ஒரு சிலருக்கு, நடுக்கத்தோடு கூடிய சித்தக் குழப்பம். இல்லாதது கண்ணுக்குத் தெரியும். பேசாத குரல் காதில் கேட்கும். ஆளும் இடமும் நாளும் அடையாளம் தப்பும். மருத்துவர்கள் இதற்கு 'டெலிரியம் டிரெமன்ஸ்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரை வாங்கும். கவனித்தாலோ, பெரும்பாலோர் சில நாளில் தெளிந்துவிடுவர். குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம் போன்ற அமைதி மருந்துகளை முதலில் போதிய அளவு தந்து, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரத்தில் நிறுத்துகிறார்கள். கூடவே 'தயமின்' என்னும் வைட்டமின் பி1 தருகிறார்கள். குடியால் அது குறைந்துபோனால் மூளையே நிலையாகக் கெடும் என்பதால்! இவையெல்லாம் அரண்மனை வைத்தியமல்ல. விலை குறைந்த மருந்துகளே.

விலை குறைந்த மருந்து இருக்கிறது. விலை மதிப்பில்லாத உயிர் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே நிற்பது எது? கயிறு! சங்கிலி!

மருத்துவ நூல்கள் குடிநோய்க்கு இரண்டு வழிச் சிகிச்சை பேசுகின்றன. மருத்துவமனைக் கட்டிலிலே படுக்க வைத்துத் தருவது உள்நோயாளிச் சிகிச்சை. வீட்டிலிருந்து வந்து போகச் செய்து தருவது புறநோயாளிச் சிகிச்சை. எது மேல் என்று மேல்நாட்டார் ஆராய்கின்றனர். நாம் மட்டும் குறைந்தவர்களா? நம் கடற்கரையிலும் இரண்டும் வெகுநாளாய் உண்டே! கயிறு கட்டி வீட்டுக்கு அனுப்புவது நம் புறநோயாளிச் சிகிச்சை. சங்கிலி கட்டிக் கொட்டகையில் போடுவது நம் உள்நோயாளிச் சிகிச்சை. இரண்டிலும் கட்டு உண்டு. இரண்டிலும் காணிக்கை உண்டு. மருந்து ஒன்றுதான் இல்லை!

கேலிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கயிற்றைக் கட்டிக்கொண்டு குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள். அதை மறுக்க நாம் முன்வரவில்லை. உண்மையை மறுப்பது பகுத்தறிவாகாது. ஆனால், விட வைத்தது எது என்று கேட்பதுதான் பகுத்தறிவு. நூலிலே சக்தியா? அன்று. ஊரறியச் சொன்ன சொல்; "கயிறு கட்டியிருக்கிறேன், வேண்டாம்" என்று கூட்டாளியிடம் சொல்ல ஒரு சாக்கு; வீட்டார் காட்டிய பரிவு; இத்தனை நாளுக்கு என்று வகுத்துக்கொண்ட ஒரு கெடு. இவைதாம் வேலை செய்தன. மருத்துவர்கள் ஆலோசனை என்று தருவதிலும் இவற்றுள் பலவும் உண்டு. நல்லது எதுவோ அது மனிதன் செய்தது. புகழ் மட்டும் நூலுக்குப் போயிற்று!

ஆனால் கயிற்றுக்குத் தெரியாதவை மூன்று உண்டு. யாருக்கு வலிப்பு வரும் என்று அதற்குத் தெரியாது. மூன்றாம் நாள் என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. மீண்டும் ஒருநாள் தவறிக் குடித்துவிட்டவனை எப்படித் தூக்கி நிறுத்துவதென்றும் தெரியாது. "சத்தியம் தவறினான், சாமி குற்றம் ஆயிற்று" என்ற அச்சத்தை ஊட்டுகிறது. அச்சத்தை மறக்க அவன் இன்னும் குடிக்கிறான். இராமேசுவரத்திலே 22 தீர்த்தம் ஆடினாலும் அக்கினி தீர்த்தத்திலே மூழ்கி எழுந்தாலும் பாவம் போகும் என்கிறார்கள். போகட்டும்! பாவத்தைக் கழுவும் நீர், வீங்கிய கல்லீரலைக் கழுவுமா? கேட்கிறோம்.

கயிறு தோற்றால் அடுத்தது சங்கிலி. சங்கிலி என்றதும் நெஞ்சிலே நெருப்பு மூட்டும் ஊர் ஒன்று இதே மாவட்டத்தில் இருக்கிறது. ஏர்வாடி!

2001 ஆகஸ்டு 6. விடியும் முன்னே ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. மனநோயாளிகளை வைத்துக் காப்பதாகச் சொல்லி, காசு வாங்கித் தனியார் நடத்திவந்த விடுதி அது. உள்ளே இருந்தவர்கள் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை? ஓட முடியவில்லை! பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடந்தனர். 28 உயிர்கள் கருகின. தர்காவிலே தங்கினால் தெளியும் என்று நம்பி, இந்து என்றும் முசுலிம் என்றும் பாராமல், குடும்பங்கள் கொண்டுவந்து விட்டுச்சென்ற உயிர்கள். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அத்தகைய விடுதிகள் இழுத்து மூடப்பட்டன.

அங்கே மாண்டவர்கள் குடிநோயாளிகள் என்று நாம் சொல்லவில்லை. சொல்வது வேறு. குடியை நிறுத்திய மூன்றாம் நாள் பிதற்றுபவனும், மனநோயால் பிதற்றுபவனும், பாமரர் கண்ணுக்கு ஒருவனே. இருவருக்கும் ஊர் சொல்லும் பெயர் பேய். இருவருக்கும் ஊர் காட்டும் வழி சங்கிலி. அந்த வழியின் முடிவு எதுவென்று ஏர்வாடிச் சாம்பல் காட்டிற்று.

குறை சொல்லும் நாம் நிறையையும் சொல்ல வேண்டும். அதே ஏர்வாடியில், பின்னாளில், தர்காவுக்கு வருவோருக்கு அங்கேயே மனநல மருத்துவரைக் கொண்டு மருந்தும் தரும் திட்டம் வந்தது. தொழுபவன் தொழட்டும், மருந்தையும் உண்ணட்டும் என்ற ஏற்பாடு. கும்பிடுவதை நிறுத்து, பிறகு வைத்தியம் என்று மருத்துவம் நிபந்தனை போடவில்லை. மருந்து உள்ளே போனால் மந்திரம் தானே ஓயும் என்பது நம் நம்பிக்கை. அது ஓய்கிறதோ இல்லையோ, மனிதன் பிழைத்தால் போதும்!

சங்கிலி இன்று வேறு உருவில் வருகிறது. மீட்பு இல்லம் என்ற பலகை. வாசலிலே பூட்டு. நள்ளிரவில் வண்டி வருகிறது. தூங்குபவனைத் தூக்கிப் போகிறது. மாதக்கணக்கில் அடைத்து வைப்பதே வைத்தியமாம்! ஒழுங்காக நடக்கும் நல்ல இல்லங்களை நாம் குறை கூறவில்லை. மருத்துவர் இல்லாமல், ஏடு இல்லாமல், அடியும் பட்டினியும் மருந்தென நடத்தும் கூடங்களைத்தான் சொல்கிறோம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவால் விளையும் மனநலக் கேட்டையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. எந்த வடிவிலும் எவரையும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று அச்சட்டம் சொல்கிறது. சட்டம் ஏட்டிலே, சங்கிலி வீட்டிலே! இந்த முரண் இனியும் நீடிக்கலாமா?

"அடைத்துப் போடாவிட்டால் அவன் திருந்துவானா?" என்று கேட்கும் அன்னையரை நாம் அறிவோம். அடிபட்டு அடிபட்டு, அடகு வைத்து அடகு வைத்து, கடைசியில் கேட்கும் கேள்வி அது. அவர்கள்மேல் நமக்குச் சினமில்லை. விடை சொல்லும் கடமைதான் உண்டு. விடையைக் கோயிலிலும் தேடவேண்டாம், கூடத்திலும் தேடவேண்டாம். சோதித்துப் பார்த்தவர்களிடம் கேட்போம்.

இலண்டனில் எட்வர்ட்சு, கத்ரி என்னும் இருவர் 40 குடிநோயாளிகளை இரு கூறாக்கினர். ஒரு கூற்றை இரண்டு மாத அளவில் மருத்துவமனையில் வைத்தனர். மறு கூற்றை வீட்டிலிருந்து வந்து போகச் செய்தனர். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை! 1967-இல் வெளிவந்த முடிவு இது.

அமெரிக்காவில், 1989-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் தெளிவு. முன்னாள் படைவீரர்கள் 164 பேர். விலகல் நோய் கடுமையாக இல்லாதவர்கள். 77 பேர் மருத்துவமனையில். 87 பேர் வீட்டிலிருந்தபடி. மருத்துவமனையில் இருந்தோரில் நூற்றுக்கு 95 பேர் மருந்துக் காலத்தை முடித்தனர். வீட்டிலிருந்தோரில் 72 பேர்தான் முடித்தனர். ஆபத்து இரு பக்கமும் நேரவில்லை. ஆறு மாதம் கழித்து எடைபோட்டபோது இரு தட்டும் ஒன்றாகவே நின்றன. செலவு? கட்டிலில் ஒருவருக்கு 3,319 முதல் 3,665 டாலர். வீட்டிலிருந்து வந்தவருக்கு 175 முதல் 388 டாலர்! ஒருவனைக் கட்டிலில் வைக்கும் செலவிலே எட்டுப் பேருக்கு மேல் வீட்டிலிருந்தபடியே மருத்துவம் பார்க்கலாம் என்று பொருள்.

"அப்படியானால் கட்டிலே வேண்டாமா?" அவசரப்படவேண்டாம். எதிர்ச்சாட்சியும் இருக்கிறது. அதையும் வைப்பதே நேர்மை. 1991-இல் அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றின் ஊழியர் 227 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. முதலில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரில், பின்னர் மீண்டும் உள்நோயாளியாக வேண்டியிருந்தவர் நூற்றுக்கு 23 பேர். குடிநோயாளர் சங்கக் கூட்டங்களுக்கு மட்டும் அனுப்பப்பட்டோரில் 63 பேர்! மருத்துவமும் மருந்தும் இல்லாத கூட்டம் மட்டும் எல்லோருக்கும் போதாது என்பதை அது காட்டிற்று.

நம் நாட்டுச் சான்று வேண்டுமா? கோவாவிலே, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கேடு விளையும் அளவுக்குக் குடிக்கும் ஆடவர் 377 பேர். அவர்களில் ஒரு பாதியினரோடு, மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் நான்கு முறைக்கு மிகாமல் அமர்ந்து பேசினார்கள். மூன்று மாதத்தில், ஆலோசனை பெற்றோரில் நூற்றுக்கு 36 பேர் கேடான குடியிலிருந்து விலகினர். பெறாதவரில் 26 பேர். அறவே குடிக்காதிருந்தோர் 42 பேர். மறுபுறம் 18 பேர். 2017-இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவு. பட்டம் இல்லாதவர் செய்த பணி இது. நம் இளைஞரால் ஆகாதா?

தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் நிலையம், 1989 முதல், இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் நடத்தியது. பட்டணத்து மருத்துவமனைக்கு வர இயலாத உழவனுக்கு, ஊருக்கே மருத்துவமனை சென்றது. 15 நாள் முகாம். ஊராரே இடம் தந்தனர்; ஊராரே பின்தொடர்ந்து பார்த்துக்கொண்டனர். கட்டிலும் வீடும் கைகோத்த இடம் அது.

இவையெல்லாம் சேர்ந்து சொல்லும் பாடம் என்ன? "கட்டிலா, வீடா?" என்ற கேள்வியே பிழை! "யாருக்குக் கட்டில், யாருக்கு வீடு?" என்பதே கேள்வி.

முன்பு குடியை விட்டபோது வலிப்பு கண்டவனா? சித்தம் குழம்பியவனா? ஈரல் கெட்டு வயிறு வீங்கியவனா? உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுபவனா? வீட்டிலே தெளிந்த துணை ஒருவரும் இல்லாதவனா? கட்டில் வேண்டும், உடனே வேண்டும். அவனைக் கயிறு கட்டி வீட்டுக்கு அனுப்புவது கொலைக்கு ஒப்பாகும். இவை எதுவும் இல்லாதவனா? வீட்டிலிருந்தே வரட்டும். முதல் வாரம் நாள்தோறும் ஒருவர் அவனைப் பார்க்கட்டும். மனைவியிடமோ தாயிடமோ மருந்து இருக்கட்டும். அவனை மாதக்கணக்கில் அடைத்து வைப்பது, கூலியைப் பறித்துக் குடும்பத்தைப் பட்டினி போடுவதாகும்.

கட்டிலில் தொடங்கினாலும் வீட்டில் தொடங்கினாலும், உண்மைப் போர் எட்டாம் நாள்தான் தொடங்குகிறது. உடல் தெளிந்தது, கடை அங்கேயே நிற்கிறது, கூட்டாளி அழைக்கிறான். பின்தொடர்ந்து பார்க்கும் மருத்துவம் இல்லாவிட்டால், முன்செய்தது முழுவதும் கடலில் கரைத்த பெருங்காயம்! குடி வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உள்ளன. டைசல்பிரம் என்று ஒன்றும் உண்டு. அதை உண்டவன் மதுவைத் தொட்டால் முகம் சிவக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் சரியும். அறிந்து உண்பவனுக்கு அது காவல். அறியாமல் ஊட்டப்பட்டவனுக்கு அது எமன். "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்று சுவரெங்கும் ஒட்டும் வணிகரை நம்பி ஏமாறாதீர் என்று ஒவ்வொரு தாய்க்கும் சொல்லுங்கள்.

இப்போது நம் கடலுக்கு வருவோம்.

இராமேசுவரத்து விசைப்படகுக்காரன் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகிறான். இன்று போனவன் நாளைதான் கரை ஏறுகிறான். குடி நின்ற 24 மணிக்குள் நடுக்கம் தொடங்கும் என்றோம். அந்த 24 மணியும் அவன் எங்கே இருக்கிறான்? நடுக்கடலில்! நடுங்கும் கையோடு வலை இழுக்கவேண்டும். வலிப்பு வந்து கவிழ்ந்தால் கீழே கடல். எனவே புட்டியும் படகு ஏறுகிறது. "குளிருக்கு" என்பது சொல்லும் காரணம். நடுக்கத்துக்கு என்பது சொல்லாத காரணம். எல்லை தாண்டினான் என்று இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றால், யாழ்ப்பாணச் சிறையிலே திடீரென நிற்கிறது குடி. அங்கே அவனுக்கு வரும் நடுக்கம் எதனால் என்று அறிந்து மருந்து தருபவர் யார்? மீனவர் விடுதலைக்குக் குரல் கொடுப்போர், இந்த ஒரு வரியையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

கரை ஏறினான். மீனை எடை போட்டான்; பங்கு வாங்கினான். புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம் என்று நினைக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். நம் அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் காலையோடு முடிந்துவிடுகிறது. டாஸ்மாக் கடையோ நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணி வரை காத்திருக்கிறது! மருத்துவர் கதவை மூடும் வேளைக்கு மதுக்கடை கதவைத் திறக்கிறது. இது யார் வகுத்த நேரம்? குடிக்க வருபவனுக்கு 10 மணி நேரம். குடியை விட வருபவனுக்கு அரை நாளும் இல்லை! நீதியா இது?

2019-இல் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பு ஒன்று சொல்கிறது: மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார், 180 பேருக்கு ஒருவரே உள்நோயாளியாகச் சேர்கிறார். கட்டிலா வீடா என்று நூலோர் வாதிடும் நாட்டிலே, கட்டிலும் கிடைக்காமல் வீட்டிலும் கிடைக்காமல் நிற்பவரே மிகப் பலர்!

நாம் நம்மையும் விட்டுவைக்கலாகாது. 1921-இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை முன்னே பெரியாரும் நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியல் செய்த நாள் தொட்டு, மதுவைப் பற்றி இந்த நாடு பேசாத நாளில்லை. 1937-இல் சேலத்தில் மூடினர். 1948-இல் மாகாணம் எங்கும் மூடினர். 1971-இல் திறந்தனர், 1974-இல் மூடினர், 1981-இல் மீண்டும் திறந்தனர். 1983-இல் டாஸ்மாக் வந்தது; 2003 முதல் சில்லறைக்கும் அரசே கடைக்காரர் ஆயிற்று. திறப்பதா மூடுவதா என்று நூறு மேடை கண்டோம். குடித்துக் கெட்டவனைத் தூக்கி நிறுத்துவது எப்படி என்று எத்தனை மேடை கண்டோம்? கடைக் கதவைப் பற்றியே பேசி, கடைவாசலில் விழுந்து கிடப்பவனைத் தாண்டிச் சென்றோம். "குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு" என்று சிரித்தோம். அந்தப் பேச்சிலே ஒரு நோயாளியின் குரலும் இருந்தது. நமக்குக் கேட்கவில்லை.

வழி இல்லையா? இருக்கிறது. நம் கடற்கரைக்கென்றே ஒரு வழி இருக்கிறது.

ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் பெருகட்டும் என்று கடலுக்கு ஓய்வு. மீனுக்கு 61 நாள் தந்தீர்கள். மீனவனுக்கு 15 நாள் தாருங்கள்! படகு கரையில், ஆள் வீட்டில், கூலி இழப்பு என்ற கவலை இல்லை. மண்டபத்திலும் பாம்பனிலும் தொண்டியிலும் அந்த நாளிலே முகாம் கூடட்டும். மஞ்சக்குடி வயலில் முடிந்தது, மன்னார் வளைகுடாக் கரையில் முடியாதா? முகாமில் தெளிந்தவன், தடை முடிந்து கடல் ஏறுமுன் ஒரு மாதம் கரையில் காலூன்றலாம்.

அடுத்து, கடலுக்குப் போகாத நாளின் மாலைவேளையில் புறநோயாளிப் பிரிவு திறக்கட்டும். இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரத்துக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். நடுங்கும் உடலோடு அவன் அவ்வளவு தொலைவு போகவேண்டுமா? மருந்தும் ஆலோசகரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரட்டும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீடு தேடித் தருகிறதே, அதே பணியாளர் "குடி எப்படி?" என்று ஒரு கேள்வியும் கேட்கட்டும். 2022-இல் திறந்துவைக்கப்பட்ட இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி, வலிப்பும் சித்தக் குழப்பமும் கண்டவனுக்குத் தடையின்றிக் கட்டில் தரட்டும். 2025-இல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரால் மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. நல்ல பெயர்! கலங்கரை விளக்கின் சிறப்பு அது நிற்கும் இடத்தில் இல்லை. நடுக்கடலில் நிற்பவன் கண்ணுக்கு எட்டுவதில் இருக்கிறது.

பாம்பன் கடல்மீது 1914-இல் இரயில் பாலம் கண்டோம். 1988-இல் சாலைப் பாலம் கண்டோம். 2025-இல் புதிய இரயில் பாலமும் கண்டோம். பொங்கும் கடலைத் தாண்ட மூன்று பாலம் கட்டிய நாட்டுக்கு, மதுக்கடைக்கும் மருத்துவமனைக்கும் நடுவே ஒரு பாலம் கட்டத் தெரியாதா?

இளைஞர்களே! அரசு செய்யட்டும் என்று காத்திருக்கவேண்டாம். ஊருக்கு ஒரு படிப்பகம் வைத்திருக்கிறோம். அங்கே இந்த மூன்று நாள் கணக்கை எழுதி ஒட்டுங்கள். நெடுநாள் குடித்தவன் திடீரென விட்டால் ஆபத்து என்று கூறுங்கள். குடியை விட எண்ணும் நண்பனுக்கு, முதல் நாளே மருத்துவமனை வாசல் வரை துணை போங்கள். மூன்றாம் நாள் பிதற்றுபவனைச் சுற்றி ஊர் கூடினால், கூட்டத்தை விலக்குங்கள், வண்டியைப் பிடியுங்கள், 108-க்குச் சொல்லுங்கள். தவறிக் குடித்தவனை ஏளனம் செய்யாதீர்கள். சர்க்கரை நோயாளி ஒருநாள் இனிப்பை உண்டால் மருத்துவத்தை நிறுத்திவிடுகிறோமா? இவனையும் மீண்டும் அழைத்துச் செல்லுங்கள். பாசி எடுத்தும் கருவாடு விற்றும் வீட்டைத் தாங்கும் அவன் மனைவியிடம், "குற்றம் உன்னதன்று" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லை இதுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

அன்று, கதை மாறும். முதல் நாள் அவன் கையைப் பிடித்து மருத்துவர் நாடி பார்ப்பார். இரண்டாம் நாள் நடுக்கம் வரும். மாத்திரை அதை அடக்கும். மூன்றாம் நாள் அவன் உறங்குவான். தாய் கதவருகே காத்திருப்பாள், பேய் வருமோ என்று. வராது.

நான்காம் நாள் காலையில் அவன் எழுந்து, பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்பான்.

அந்த அழைப்புக்காகவே கேட்கிறோம்: கயிறு வேண்டாம்! சங்கிலியும் வேண்டாம்! மருத்துவம் வேண்டும்!